சங்கத்தை உடைப்பதா, உள்ளே இருந்து திருத்துவதா? மைக் செட் தொழிலில் நாங்கள் பட்டது

தமிழ்நாட்டில் ஒரு சங்கம் ஆரம்பிக்க ஏழு பேர் போதும். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஏழு கையெழுத்து, ஒரு பைலா (சங்கத்தின் விதிமுறைகள்), ஒரு முகவரி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்ட வேண்டிய கட்டணம், அவ்வளவுதான். இத்தனை லேசாக இருப்பதால், இருக்கிற சங்கத்தின் மேல் கோபம் வந்ததும் "நாமளே ஒண்ணு ஆரம்பிச்சிருவோம்" என்றுதான் முதலில் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. போன மாதம் வேறு தொழிலில் இருக்கிற நண்பர்கள் சிலர் இதே கேள்வியோடு வந்தார்கள். அவர்களிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் மைக் செட், சீரியல் செட், பந்தல் வாடகைக்கு விடுகிறவன். அப்பா காலத்துத் தொழில். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணிக் கரையோரமாகத்தான் வேலை. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்கள், சித்திரை பிறந்தால் அம்மன் கொடை, சுடலைமாடன் கொடை என்கிற கோயில் திருவிழாக்கள், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில், நடுவில் கல்யாண முகூர்த்தங்கள். கொடை என்றால் வில்லுப்பாட்டுக்கு மைக் வேண்டும், கணியான் கூத்துக்கு வேண்டும், கரகாட்டத்துக்கு வேண்டும். ஊருக்குள் நுழையும்போதே கொடை நடக்கிறது என்று சொல்வது எங்கள் குழல் விளக்கும் சீரியல் செட்டும்தான்.

இந்தத் தொழிலுக்குச் சங்கம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி போடக் கூடாது. விழா நாட்களுக்கு மாநில அரசு விரும்பினால் ஆண்டுக்கு 15 நாட்கள் வரை நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம். ஆனால் மாடன் கோயிலில் சாமக்கொடை நடப்பதே நள்ளிரவுக்குத்தான். கோயில் கமிட்டிக்காரர் "போடும்வே, நான் பாத்துக்கிடுதேன்" என்பார். போலீஸ் வந்து கொண்டுபோவது என்னுடைய ஆம்ப்ளிஃபயரை. மறுநாள் வேறு ஊரில் எனக்கு ஆர்டர் இருக்கும், செட் ஸ்டேஷனில் இருக்கும். அந்த நேரத்தில் நான் ஒருவன் போய் நின்றால் நடக்காத பேச்சு, சங்கத்துத் தலைவர் போய் நின்றால் நடக்கும். இன்னொன்று விபத்து. ஈரத் தரையில் வயர் கிடக்கும், பையன்கள் கம்பத்தில் ஏறிச் சீரியல் கட்டுவார்கள், மேலே மின்வாரியத்துக் கம்பி போகும். எங்கள் தொழிலில் கரண்ட் அடித்துச் செத்தவர்கள் உண்டு. அந்த வீட்டுக்கு முதலில் பணத்தோடு போக வேண்டியது சங்கம்தான். குடும்ப நல நிதி என்று நாங்கள் பணம் கட்டியதே அதற்காக.

இந்த இரண்டு காரியத்தையும் ஒரு காலத்தில் எங்கள் சங்கம் நன்றாகவே செய்தது. அப்புறம் மெல்ல மெல்லச் செத்துப்போனது. அதே தலைவர், அதே செயலாளர், அதே பொருளாளர். சந்தா மட்டும் ஒழுங்காக வசூலானது. பொதுக்குழு என்பது ஆயுத பூஜைக்குப் பொரி கொடுத்து அனுப்புவதோடு முடிந்தது. கணக்கு பொருளாளரின் நோட்டில் இருந்தது. நோட்டு அவர் வீட்டில் இருந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லாம் வெடித்தது. பங்குனி உத்திரம் போனது, சித்திரைக் கொடை போனது, ஆடியும் போனது. அட்வான்ஸ் கொடுத்தவர்கள் திரும்பக் கேட்டார்கள். அடுத்த வருடமும் சீசன் நேரத்தில் இரண்டாம் அலை. சவுண்ட் பாக்ஸை விற்று வீட்டுச் செலவு பார்த்தவர்களை எனக்குத் தெரியும். நல நிதியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சமாவது கொடுங்கள் என்று கேட்டோம். "பாப்போம்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை.

கொஞ்சம் தளர்வு வந்ததும் இளைய ஆட்கள் கூடினார்கள். புதுச் சங்கத்துக்குப் பெயர்கூட வைத்தாயிற்று. யாரோ ஒருவர் வேறு சங்கத்தின் பைலாவை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துக் கொண்டுவந்தார். அந்தக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், பந்தல்காரர், அதிகம் பேசாதவர், ஒன்று கேட்டார்: "நம்ம சங்கத்துப் பைலாவ யாராவது படிச்சிருக்கீயளா?" ஒருவரும் படித்ததில்லை. "அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியாம எத வச்சு நடக்கலைன்னு சொல்லுதீய?" என்றார்.

எங்கள் காரியம் அங்கேதான் திரும்பியது. சங்கத்தில் கேட்டால் தர மாட்டார்கள் என்று தெரியும். ஆனால் பதிவு செய்த சங்கத்தின் ஆவணங்களைக் கட்டணம் கட்டி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திலேயே பார்க்கலாம், சான்றிட்ட நகலும் வாங்கலாம். பைலா, கடைசியாகத் தாக்கல் செய்த வரவு செலவு, நிர்வாகிகள் மாற்றத்துக்கான படிவம் 7, உறுப்பினர் பட்டியல் எல்லாவற்றுக்கும் மனு எழுதிப்போட்டோம்.

வந்த காகிதங்களைப் பார்த்தபோது கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம். கணக்குத் தாக்கல் செய்து பல வருடம் ஆகியிருந்தது. நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். மறுபடி நிற்கலாம், ஆனால் தேர்வு நடக்க வேண்டும். எங்கள் குழுவின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் உறுப்பினர் பட்டியலில் இருந்தது. வருடக்கணக்காகச் சந்தா கட்டி ரசீது வைத்திருக்கிற எங்களில் பாதிப் பேருக்கு மேல் அதில் பெயர் இல்லை. இறந்துபோனவர்களின் பெயர் இருந்தது. தொழிலை விட்டுத் திருப்பூருக்குப் போனவர் பெயர் இருந்தது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சங்கத்தில் இருக்கிறோம் என்று நாம் நினைப்பது வேறு, பதிவேட்டில் இருப்பது வேறு. ஓட்டுப் போட, பொதுக்குழு கூட்டச் சொல்ல, பதிவாளரிடம் விசாரணை கேட்க, எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் பெயர் வேண்டும். சட்டத்தின் 36-ஆம் பிரிவு, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கேட்டால் பதிவாளர் சங்கத்தின் நடப்பையும் நிதி நிலையையும் விசாரிக்கலாம் என்கிறது. நல்ல ஆயுதம். ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்கு, பட்டியலில் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கு. பட்டியலில் செத்தவர்கள் நிறைய இருந்தால் உயிரோடு இருப்பவர்கள் எத்தனை கையெழுத்துப் போட்டாலும் எட்டாது. அதனால் யாரையும் குற்றம் சொல்வதற்கு முன் நாங்கள் செய்த முதல் வேலை, ரசீது வைத்திருந்த ஒவ்வொருவரும் தனித்தனியாக "என் பெயரைப் பதிவேட்டில் சேருங்கள்" என்று ரசீது நகலோடு பதிவுத் தபாலில் மனு அனுப்பியது. ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டோம். நேரில் போய்ச் சத்தம் போட்டிருந்தால் ஒரு நாள் பேச்சோடு போயிருக்கும். தபால் வந்து குவிந்ததும் தலைவரே கூப்பிட்டார்.

தலைவரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் கைக்காசைப் போட்டுச் சங்கத்தை வளர்த்தவர் அவர். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ராத்திரி முழுக்க நின்று செட்டை மீட்டுத் தந்திருக்கிறார். அவருடைய பயம் ஒன்றுதான்: பதவியை விட்டு இறங்கினால் கணக்குக் கேட்டு அசிங்கப்படுத்துவார்கள். இளையவர்களில் பலருக்கு உள்ளபடியே அந்த எண்ணம் இருந்தது. பழைய கணக்கு முதலில், தேர்தல் அப்புறம் என்றார்கள். நான் மாற்றிச் சொன்னேன். கணக்கை முன்னால் வைத்தால் அவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள், வழக்கு வரும், வழக்கு முடியும்வரை சங்கம் கிடப்பில் கிடக்கும். முதலில் பதிவேடு, இரண்டாவது பொதுக்குழு, மூன்றாவது தேர்தல், அதற்கப்புறம் வெளியூர் ஆடிட்டர் ஒருவர் கணக்கை எழுதட்டும், அதுவரை யாரும் யாரையும் திருடன் என்று சொல்லக் கூடாது. இந்த வரிசைக்குச் சம்மதம் வாங்கத்தான் மிகவும் பாடுபட்டோம். வாட்ஸ்அப் குழுவில் என்னை விலைபோனவன் என்று எழுதியவர்களும் உண்டு. பொறுத்துக்கொண்டேன்.

கூடவே ஒரு கெடுவும் வைத்தோம், எழுத்தில். அடுத்த ஆனி முடிவதற்குள் பொதுக்குழு கூடாவிட்டால் கையெழுத்து வாங்கிப் பதிவாளரிடம் போவது. அதுவும் நடக்காவிட்டால் தனிச் சங்கம். கெடு இல்லாமல் "உள்ளே இருந்து திருத்துவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் காலத்துக்கும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தனியாகப் போகத் தயாராக இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் உள்ளே இருக்கிறவரின் பேச்சுக்கு மதிப்பு.

பொதுக்குழு கூடியது. ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டோம், அதனால் வராதவர்களும் வந்தார்கள். பழைய தலைவரைக் கௌரவத் தலைவராக வைத்துக்கொண்டு மற்ற பொறுப்புகளுக்குத் தேர்தல் நடந்தது. ஆடிட்டர் எழுதிய கணக்கில், ரசீது இல்லாத செலவு நிறைய இருந்தாலும், ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், மாலை என்று பலருக்கும் நினைவில் இருந்த செலவுகள்தான் அவற்றில் பாதி. மிச்சத்துக்குப் பதில் இல்லை. ஒரு பகுதியைப் பொருளாளர் தவணையில் கட்டினார், ஒரு பகுதியைப் பொதுக்குழுவே தீர்மானம் போட்டுத் தள்ளியது. இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் இப்போது வங்கியில் இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது. நல நிதிக்குத் தனிக் கணக்கு. மாதம் ஒரு முறை இருப்பு எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் பாஸ்புக் பக்கத்தைப் படம் எடுத்துப் போட வேண்டும் என்பது தீர்மானம். பெரிய சீர்திருத்தம் என்று பேசுவதைவிட இந்தப் படம் ஒன்று ஆட்களின் சந்தேகத்தை அதிகம் தீர்த்திருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 மழை எங்களுக்கு உண்மையான பரீட்சை. தாமிரபரணி கரை மீறி வந்தபோது குடோனில் இருந்த ஆம்ப்ளிஃபயர், பந்தல் துணி எல்லாம் பலருக்குச் சேறாகிப்போனது. தண்ணீர் வடிந்ததும் யார் யாருக்கு என்ன சேதம் என்று படத்தோடு ஒரே பட்டியலாகத் தயாரித்துத் தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்தோம். நல நிதியிலிருந்து அதிகம் இழந்தவர்களுக்கு அந்த வாரமே பணம் போனது. அடுத்த முகூர்த்தத்துக்கு ஒருவருக்கொருவர் செட் இரவல் கொடுத்து ஆர்டரைக் காப்பாற்றினோம். இரண்டு சங்கமாக இருந்திருந்தால் அந்த இரவல் நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்படிச் சொல்வதற்குப் பக்கத்தில் ஒரு ஊர் காரணம். பெயர் வேண்டாம். இதே தொழிலில், ஏறக்குறைய இதே சண்டையில், அங்கே தனிச் சங்கம் ஆரம்பித்தார்கள். பழைய பெயரை ஒத்த பெயரைப் பதிய முடியாது என்பதால் முன்னால் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்கள். பழைய சங்கத்துக்கு ஒரு சின்ன இடம் இருந்தது. பிரிந்தவர்களும் அதற்குச் சந்தா கட்டியவர்கள்தான். ஆனால் சொத்து சங்கத்தின் பெயரில் இருக்கும்போது, வெளியே போகிறவர் பங்கைக் கையில் எடுத்துக்கொண்டு போக முடியாது. பழைய சங்கத்துக்குள்ளேயே மிச்சம் இருந்தவர்கள் இரண்டாகி, இரு தரப்பும் தனித்தனியாகப் படிவம் 7 கொடுத்தார்கள். யார் உண்மையான நிர்வாகி என்ற தகராற்றைத் தீர்க்கிற இடம் பதிவாளர் அலுவலகம் இல்லை; உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கே போனார்கள்.

நீதிமன்றச் செலவைவிடத் தொழிலில் பட்ட அடி பெரிது. கோயில் கமிட்டி ஒரு சங்கத்து ஆளிடம் ரேட் கேட்டு, அதை இன்னொரு சங்கத்து ஆளிடம் காட்டிக் குறைத்தது. கல்யாண மண்டபக்காரர் ஒரு சங்கத்தாரை மட்டும் உள்ளே விட்டு அதற்குக் கமிஷன் வாங்கினார். செட் பிடிபட்டு ஸ்டேஷனுக்குப் போனால் "நீங்க எந்தச் சங்கம்?" என்பதுதான் முதல் கேள்வி. சம்பளத்துக்கு வரும் பையன்களை "அந்தச் சங்கத்தாருக்கு வேலைக்குப் போகக் கூடாது" என்று தடுத்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பையன்களுக்குச் சீசன் நாலு மாதம்தான்.

பெரிய அளவிலும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மே 5 வணிகர் தினம். வெள்ளையன் தலைமையில் இருந்த வணிகர் சங்கங்களின் பேரவையும் விக்கிரமராஜா தலைமையில் வணிகர் சங்கங்களின் பேரமைப்பும் அதே நாளில் வேறு வேறு ஊரில் மாநாடு நடத்தியதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறோம். யார் சரி என்று சொல்ல நான் ஆள் இல்லை. அன்று கடையை அடைத்த சின்ன ஊர் மளிகைக்காரர் எந்த மாநாட்டுக்குப் பஸ் ஏறுவது என்று யோசித்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அப்படியானால் தனிச் சங்கமே கூடாதா? கூடும். எங்கள் பக்கத்திலேயே சரியான காரணத்துக்கு இரண்டு ஆரம்பித்தார்கள்.

2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. கடையம், ஆழ்வார்குறிச்சிக்காரர்கள் அதுவரை எங்களோடுதான் இருந்தார்கள். மாவட்டம் பிரிந்ததும் அவர்களுக்குக் கலெக்டர் வேறு, எஸ்.பி. வேறு. அம்பாசமுத்திரத்தில் இருந்துகொண்டு நாங்கள் அவர்களுக்காகத் தென்காசியில் பேச முடியாது. தேர்தல் முடிந்ததும் அவர்கள் கேட்டார்கள், பொதுக்குழு சம்மதித்தது, நல நிதியில் அவர்கள் கட்டிய பங்கைக் கணக்குப் பார்த்துத் தீர்மானத்தோடு புதுச் சங்கத்தின் கணக்குக்கு அனுப்பினோம். இன்றைக்கும் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள்தான் முதல் பந்தியில்.

இரண்டாவது, பையன்கள் ஆரம்பித்தது. பந்தல் போடுகிறவர்கள், லோடு ஏற்றுகிறவர்கள், சீரியல் கட்டுகிறவர்கள். எங்கள் ஆட்கள் சிலர் கொதித்தார்கள்: "நம்ம சோத்தத் தின்னுட்டு நமக்கே எதிரா?" நான் பையன்கள் பக்கம் நின்றேன், இப்போதும் நிற்கிறேன். சம்பளம் கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் ஒரே சங்கத்தில் இருந்தால் வாங்குகிறவனுக்கு வாய் திறக்காது. நலவாரியப் பதிவு, கையுறை, இரவு வேலைக்குக் கூடுதல் கூலி எல்லாம் அவர்கள் தனியாகக் கேட்டால்தான் நடக்கும். நம்மோடு ஒரே நலன் உள்ளவர்கள் பிரிவதுதான் போட்டிச் சங்கம். நலன் வேறாக இருப்பவர்கள் தனியாக இருப்பது நியாயம்.

இன்னொரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். தனிச் சங்கம் கேட்கிறவர்களில் பலர் சொல்லும் காரணம் "பழைய சங்கம் ரேட்டைக் கட்டுப்படுத்தவில்லை, நாங்கள் கட்டுப்படுத்துவோம்" என்பது. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி, தொழில் செய்கிறவர்கள் கூடி விலை நிர்ணயிப்பது தவறு. சங்கத்தின் பெயரில் செய்தாலும் தவறுதான். குறைந்த ரேட்டுக்குப் போனவருக்கு அபராதம், அவரோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டால் அந்தத் தீர்மானமே நமக்கு எதிரான சாட்சி. எங்கள் பழைய ரேட் கார்டை நான் எடுக்கச் சொன்னது அதனால்தான். அதற்குப் பதிலாகச் செலவுக் கணக்குத் தாள் ஒன்று போட்டோம். டீசல், வண்டி வாடகை, ஆள் கூலி, பாக்ஸ் தேய்மானம் என்று தலைப்பு மட்டும் இருக்கும். தொகையை அவரவர் தனக்குப் பார்த்து நிரப்பிக்கொள்ள வேண்டும். மலிவாகப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தேய்மானத்தைக் கணக்கில் எடுக்காதவர்கள். அந்தத் தாளை நிரப்பிப் பார்த்த பிறகு சிலர் தாங்களாகவே ரேட்டை ஏற்றினார்கள்.

இப்போது எங்களுக்குள் புதிதாக ஒரு பேச்சு ஓடுகிறது. எல்.இ.டி. திரை, லேசர், விளக்கும் திரையும் மாட்டுகிற டிரஸ் என்ற உலோகச் சட்டம் எல்லாம் வைத்திருக்கிற பெரிய முதலீட்டுக்காரர்கள் தங்களுக்குத் தனிச் சங்கம் வேண்டும் என்கிறார்கள். கிராமத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பாக்ஸும் வைத்திருப்பவருக்கும் தங்களுக்கும் ஒரே சந்தா, ஒரே நல நிதி என்பது அவர்கள் குறை. குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரவு 10 மணிப் பிரச்சினையும் மின்வாரியப் பிரச்சினையும் இரு தரப்புக்கும் ஒன்றுதான். முதலீட்டுக்குத் தக்கபடி சந்தா, அதற்கேற்ப நல நிதி, நிர்வாகக் குழுவில் அவர்களுக்கு நிரந்தரமாக இரண்டு இடம் என்று பைலாத் திருத்தம் எழுதியிருக்கிறோம். அது நிறைவேறச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதாவது ஓட்டுப் போடுகிறவர்களில் நாலில் மூன்று பங்கு. சின்னச் செட்டுக்காரர்கள் அந்த இரண்டு நிரந்தர இடத்தை எதிர்க்கிறார்கள். பொதுக்குழு அடுத்த மாதம். சந்தா வித்தியாசத்துக்கு நான் ஆதரவாக ஓட்டுப் போடுவேன், நிரந்தர இடத்துக்கு மாட்டேன். அவர்களும் நின்று ஜெயித்து வரட்டும். திருத்தத்தை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாக ஓட்டுக்கு விடச் சொல்லிச் செயலாளருக்கு நேற்றுத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.